சொந்தக்காரர் இல்லாத மலைப்பாதை

ஆல்ப்ஸ் மலையை உலகத்திலேயே அதிகமாக நேசிக்கும் மனிதர் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன். சுவிசில் இல்லை, இத்தாலியிலும் இல்லை. மொன்றியல் நகரத்தில், லாசாலில், மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் சாரத்தோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பெயர் கொண்டையூசி அண்ணை. தலையில் கொண்டை என்ன, சீப்புக்கே வேலை இல்லை. மலைப்பாதைகளில் ரோடு அப்படியே மடிந்து திரும்புகிற கொண்டையூசி வளைவுகளைப் பற்றிக் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் ஒரே மாதிரி உற்சாகத்தோடு கதைத்ததால் வந்த பட்டம் அது. ஒருமுறை, கணவனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் தமையனுக்கு, பிரேதப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, மேலே ஏறுகிற காருக்கு இறங்குகிற கார் ஏன் வழிவிட வேண்டும் என்று கைகளால் செய்து காட்டினார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு, பஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதைக் காதால் கேட்டேன்.

நாங்கள் இருவரும் புவாண்ட்-கிளேரில் ஒரே வெயர்ஹவுசில் வேலை செய்கிறோம். அவர் சாமான்களை லொறிகளில் ஏற்றி அனுப்பும் பகுதி, நான் கந்தோரில் மேசை வேலை. சென்னையிலிருந்து வந்த பிரகாஷ் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மூன்று பேரும் லாசால் என்பதால் அண்ணையின் காரிலேயே போய்வருவோம். அது காலை நேரத்து வகுப்பு. தப்பித்து ஓட வழியில்லை, பெல்ட் போட்டிருப்போம்.

“தம்பி, இப்ப நாங்கள் ஸ்டெல்வியோ மலையில ஏறுறம் எண்டு வையும். எதிரால ஒரு பஸ் வருது. என்ன செய்வீர்?”

“அண்ணை, முன்னால ஸ்கூல் பஸ் நிக்குது. முதல்ல பிறேக்கை அமத்துங்கோ.”

அவர் அமத்துவார். அமத்திவிட்டு, “உதைத்தான் நானும் சொல்ல வந்தனான்” என்பார்.

பின்சீற்றிலிருந்து பிரகாஷ் ஒருநாள் வாய் கொடுத்தான். “அண்ணா, இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோ மெனக்கெடுறீங்க? போன்ல ரூட் போட்டா முடிஞ்சுது. நான் போட்டுத் தரேன்.”

“உந்தப் போன் எல்லாருக்கும் கெதியாப் போற வழியைத்தான் காட்டும் தம்பி. மலையைக் கண்டா அடியால சுரங்கத்துக்கால போ எண்டு சொல்லும். எனக்கு மேலால போகோணும்.”

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதை அவர் ஒரு பகிடிக் கதையாகத்தான் சொல்வார். இருபத்திரண்டு வயதில், சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு வெளிக்கிட்டவரை, கனடாவுக்கு அனுப்புகிற வழியில் இத்தாலியிலிருந்து சுவிசுக்குக் கடத்துவதற்காக ஏஜென்சிக்காரன் ஒரு மூடிய லொறிக்குள் ஏற்றியிருக்கிறான். சுற்றிவரத் தக்காளிப் பெட்டிகள். லொறி ஏறுகிறது, வளைகிறது, இறங்குகிறது, திரும்பவும் வளைகிறது. அண்ணையின் மடியில் ஒரு வாளி. வழி முழுவதும் வாளிக்குள் தலையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இறக்கிவிட்ட இடத்தில், இதுவரை வந்த பாதை எது என்று சாரதியிடம் சைகையால் கேட்டாராம். அவன் ‘ஆல்ப்ஸ்’ என்று சொல்லி, விரல்களை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்துக் காட்டினானாம்.

“உலகத்தில ஆக வடிவான இடமாம் தம்பி. நான் கண்டது வாளியின்ர அடி.”

நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்ற இடத்திலிருந்து ஒரு சொல்லும் மாறாமல் அதையே சொல்வார்: “அப்ப என்னைக் கொண்டுபோனவங்கள். ஒருக்கா நானாப் போகோணும். பகல்ல, ஸ்ரியறிங் என்ர கையில இருக்க, மேலால போகோணும்.”

கேட்கச் சின்ன ஆசைதான். ஒரு கார், ஒரு மலை, நல்ல வெயில் உள்ள ஒரு பகல். இதற்காக ஒரு மனிதர் எத்தனை வருடம் திட்டம் போடலாம்? அண்ணை போட்டார். முதல் வருடம் ஏப்ரலில் புறப்பட எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டு, கடைசி நேரத்தில்தான், அந்த உயரத்துப் பாதைகளெல்லாம் பனியால் மூடி ஜூன் மாதமளவில்தான் திறக்கும் என்று கண்டுபிடித்தார். ஏப்ரலிலும் காரின் மேல் பனி வழிக்கிற மொன்றியலில் இத்தனை காலம் இருந்த மனிதருக்கு இது தோன்றவில்லை. அடுத்த முறை உலகம் முழுவதும் கொரோனா வந்து எல்லைகளை மூடியது. அதற்கடுத்த முறை டொரொன்டோவில் ஒரு மாமனார் முறையானவர் சரியாகப் பயணத்துக்கு முதல் நாள் பார்த்துக் கண்ணை மூடினார். பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

போன மாரிக் குளிரில்தான் விஷயம் பகிடியாக இல்லாமல் போனது. அண்ணையின் கண்ணைப் பரிசோதித்த டொக்டர், பக்கப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, இலையுதிர் காலத்தில் திரும்பப் பார்ப்போம், அப்போது இன்னும் குறைந்திருந்தால் கார் ஓடுவதை நிறுத்த வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் காரில் வகுப்பு நடக்கவில்லை. வெயர்ஹவுஸ் வாசலில் இறங்கும்போது மட்டும், “இந்தக் கோடை விட்டா இல்லைத் தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் கூட்டம். வரவேற்பறையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஐரோப்பாவின் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டி, குண்டூசிகள் குத்தியிருந்தார். சிவப்பு ஊசிகள் மலைக்கணவாய்கள். ஒஸ்ரியாவிலிருந்து இத்தாலிக்குள் இறங்கும் பிறென்னர், அதன் பிறகு ஸ்டெல்வியோ, இத்தாலியிலிருந்து சுவிசுக்கு ஏறும் ஸ்ப்ளூகன், திரும்பவும் இத்தாலிக்குப் போகும் பெரிய சென் பெர்னார், அங்கிருந்து பிரான்ஸ். அவற்றைச் சுற்றி ஏராளமான கறுப்பு ஊசிகளும் இருந்தன. தெற்கு ஜெர்மனி முழுவதும் கறுப்பு. சுவிசில் மலை இல்லாத இடமெல்லாம் கறுப்பு.

“உது என்ன அண்ணை கறுப்பு? எரிமலையோ?”

“எரிமலை எண்டாப் பறவாயில்லை. சொந்தக்காரர்.”

பிரகாஷுக்கு விளங்கவில்லை. சொந்தக்காரர் இருந்தால் நல்லதுதானே, ஹோட்டல் தேவையில்லையே என்றான். அண்ணை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தம்பி, லோசான்ல என்ர அக்கா. அவ வீட்டில ஒரு நாள் நிண்டா, பேர்ண்ல சித்தப்பாவின்ர மகன் வீட்டில அரை நாளாவது நிக்கோணும். அங்க சாப்பிட்டா சூரிச்சில மச்சாள் வீட்டிலயும் சாப்பிடோணும். மச்சாள் வீட்டில ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டு, மற்ற வீட்டில காணும், போதும் எண்டு கையைக் கழுவினா, அந்தக் கதை இத்தாலியில ஜெனோவாவில இருக்கிற என்ர தங்கச்சிக்குப் போகும். பேந்து எங்க மலை பாக்கிறது?”

ஆகவே அவர் போட்டது உறவு தவிர்ப்புத் திட்டம். உலகத்தில் மற்றவர்கள் பெற்றோல் செலவைக் குறைக்க, நேரத்தைக் குறைக்கப் பாதை போடுவார்கள். அண்ணை மியூனிக்கில் விமானம் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து, ஒரு மச்சானின் கண்ணிலும் படாமல் ஐந்து நாடுகளைக் கடப்பதற்குப் பாதை போட்டார். சில இடங்களில் மலையை விட்டு இறங்கிப் பெற்றோல் அடிக்க முடியாது, ஏனென்றால் அந்த ஊர்ப் பெற்றோல் நிலையத்தில் பெரியம்மாவின் மருமகன் வேலை செய்கிறான். இங்கே கேட்பவர்களுக்கு, கியூபாவுக்குப் போய் ஒரு கிழமை கடற்கரையில் படுத்திருக்கப் போகிறோம் என்று சொல்வதாகவும் முடிவானது. மொன்றியலில் பாதிப் பேர் லீவுக்குப் போகிற இடம் அது, ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பயிற்சிகள் தொடங்கின. ஐரோப்பாவில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கியர் கார்கள். அண்ணையின் கார் ஓட்டோமற்றிக். பிரகாஷின் குடையை இரண்டு சீற்றுக்கும் நடுவில் நட்டுவைத்து, அதன் பிடியைக் கியராகப் பாவித்து, இடது காலால் வெறும் தரையை மிதித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார். மழை நாளில் பிரகாஷ் நனைந்துகொண்டு வேலைக்குள் போனான், குடை மூன்றாம் கியரில் நின்றது.

வளைவு பழகுவதற்கு லவாலில் ஒரு ஷொப்பிங் சென்டரின் மாடிக் கார்த்தரிப்பிடத்தைக் கண்டுபிடித்தார். சுருள் சுருளாக மேலே போகும் பாதை. சனிக்கிழமைப் பின்னேரம் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஏறினார், இறங்கினார், திரும்பவும் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன். கடைசியில் காவலாளி கையை நீட்டி மறித்து, தரிக்க இடம் தேடுகிறீர்களா மிஸ்ஸியே, மேலே நிறைய இருக்கிறதே என்று பிரெஞ்சில் கேட்டான். அண்ணை கண்ணாடியை இறக்கி, இல்லை மிஸ்ஸியே, மலை பழகுகிறேன் என்று அதே பிரெஞ்சில் மரியாதையாகப் பதில் சொன்னார். காவலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். நான் கடைக்கு வந்த ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணையின் மனைவி கமலாக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் பார்க்கிறவர், அதனால் கணவரைச் சமாளிப்பதிலும் பழக்கம் உண்டு. வளைவுகளில் அவருக்கு வயிற்றைப் பிரட்டுமா என்று முதலிலேயே சோதிக்க வேண்டுமென்று, குழல் புட்டும் மீன் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட வைத்து, நகரத்து நடுவில் இருக்கிற மொன்றோயால் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார் அண்ணை. வெளியூர்க்காரர் பார்த்தால் மேடு என்று சொல்லக்கூடிய மலை அது. கமலாக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்சீற்றில் இருந்த எனக்குத்தான் ஆனது.

“மனுசன் ஒரு நாளும் என்னை ஒழுங்கா ஒரு கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனதில்லை. இப்ப அஞ்சு நாடு காட்டப் போறாராம்” என்று எனக்குத் தண்ணீர் தந்தபடி கமலாக்கா சொன்னார். ஆனால் குளிருக்கு அவர் இரண்டு சுவெற்றர் வாங்கி வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அண்ணைக்கு, இரண்டும் ஒரே நிறம்.

இவ்வளவு கவனமாகக் காத்த இரகசியம் எங்கே உடைந்தது தெரியுமா? கோயிலில். தூரப் பயணம் போகமுதல் அர்ச்சனை செய்யாமல் விமானத்தில் கால் வைக்க மாட்டேன் என்று கமலாக்கா பிடிவாதமாக நின்றார். ஞாயிறு மத்தியானப் பூசை. ஐயர், பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, என்ன காரியமாக என்றார். கடவுளுக்கு முன்னால் கியூபா என்று சொல்ல அண்ணைக்கு மனம் வரவில்லை. ஐயரின் காதுக்குள் குனிந்து, “ஐரோப்பாவில மலைப்பயணம் ஐயா, நல்லபடியாப் போய்வர” என்று குசுகுசுத்தார். ஐயரின் சால்வையில் மைக் குத்தியிருந்தது. எத்தனையோ வருடமாகக் கரகரத்துக்கொண்டிருந்த அந்த மைக் அன்றைக்கென்று பளிங்கு போல வேலை செய்தது. மண்டபம் முழுவதும் கேட்டது.

அன்னதான வரிசையில் எங்கள் இலைக்குப் பருப்பு வந்து சேர முதல் அண்ணையின் போன் அடித்தது. லோசான் அக்கா. அவசரத்தில் அண்ணை ஸ்பீக்கரை அமத்திவிட்டார்.

“டேய் தம்பி, நீ சுவிசுக்கு வாறியாம்.”

“ஆர் அக்கா சொன்னது?”

“ஆர் சொன்னா என்ன? நீ வாறதை ஊரார் சொல்லித்தான் நான் அறியோணுமோ?”

“இல்லை அக்கா, நாங்கள் கியூபாவுக்கு…”

“கோயிலுக்குள்ள நிண்டுகொண்டு பொய் சொல்லாதை. கடவுள் பொறுக்காது.”

பிறகு அக்கா அழத் தொடங்கினார். ஜெனோவாவில் தங்கச்சி புது வீடு வாங்கியிருக்கிறாள், அண்ணா ஒருநாள் வருவார், அவர் வந்துதான் பால் காய்ச்சிக் குடிபூர வேண்டும் என்று பெட்டிகளைக்கூட அவிழ்க்காமல் வாடகை வீட்டில் இருக்கிறாள், நீ என்னவென்றால் களவாக மலை பார்க்கப் போகிறாய் என்றார். வரிசையில் நின்ற பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பருப்பு ஊற்றியவர் அண்ணையை முறைத்தார். நானே ஒரு கணம் மலைக்கு எதிராகப் போய்விட்டேன்.

அந்தக் கிழமைக்குள் திட்டம் சிதறியது. அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ‘மாமா வாறார்’ என்று ஒரு குழு தொடங்கி, ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தான். மியூனிக் கார் கைவிடப்பட்டது. பிறென்னர் போனது, ஸ்டெல்வியோ போனது, ஸ்ப்ளூகன் போனது. அண்ணை ஒவ்வொரு சிவப்பு ஊசியாகப் பிடுங்கி ஒரு கோப்பிக் கோப்பைக்குள் போட்டார். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து திட்டம் போட்டாலும் அவர்களுக்கு நடுவில் ஆல்ப்ஸ் கிடக்கிறதே. லோசானிலிருந்து ஜெனோவாவுக்குப் போகிற வழியில் பெரிய சென் பெர்னார். சுவிசில் ஏறி இத்தாலியில் இறங்குகிற கணவாய்.

“ஒரு மலை எண்டாலும் காணும் தம்பி” என்றார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். “அக்கா ஆக்கள் வான்ல வரட்டும். நானும் கமலாவும் வாடகைக் காரில முன்னாலயோ பின்னாலயோ மேலால வருவம். ஆருக்கு என்ன கரைச்சல்?”

விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஒரே நிறச் சுவெற்றர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.

படங்கள் வரத் தொடங்கின. பிரகாஷும் நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து மலை தேடினோம். அண்ணை ஒரு சோபாவில். அண்ணை வேறொரு சோபாவில். அண்ணைக்கு முன்னால் நண்டுக் கறி. அண்ணை கேக் வெட்டுகிறார். அது யாருடைய பிறந்தநாள் என்று தெரியவில்லை. அண்ணையின் தோளில் ஒரு பொன்னாடை. ஒரு படத்தில் அவருக்குப் பின்னால் மலை ஒன்று தெரிந்தது. நான் ஆவலோடு பெரிதாக்கிப் பார்த்தேன். கலண்டர்.

“அண்ணா, நம்ம ஆளைக் கடத்திட்டாங்க போல” என்றான் பிரகாஷ்.

திரும்பி வந்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்து கிடந்தது. கமலாக்காதான் நடந்ததைச் சொன்னார்.

ஜெனோவாவில் அவர்களுக்குத் தெரிந்த ஐயர் இல்லாததால் லோசான் ஐயரையே கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு. ஐயர் வருகிறாரென்றால் முன்சீற்று ஐயருக்கு. வாடகைக் காரை அக்காவின் மகன் முதல் நாளே ரத்துச் செய்துவிட்டான், வானில் இடம் இருக்கும்போது மாமா எதற்குத் தனியாக ஓடவேண்டும், அதுவும் கண் சரியில்லாத மாமா என்று. பால் காய்ச்சும் நல்ல நேரம் மத்தியானத்துக்கு முதல் முடிகிறது. மேலால் போனால் பிந்தும் என்று போன் சொல்லியிருக்கிறது, அடியால் சுரங்கப்பாதை இருக்கிறது. வானில் பெண்களின் சேலைகள் கசங்காமல் இருக்க யன்னல்கள் நெடுக அவற்றைக் கொழுவியிருந்தார்கள். கடைசிச் சீற்றில், ஒரு பக்கம் வாழைக்குலையும் மறுபக்கம் சோற்றுச் சட்டியுமாக அண்ணை. மடியில் பால் காய்ச்சும் புதுப் பானை. அது உடைந்தால் அபசகுனம் என்று பொறுப்பான ஆளிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆல்ப்ஸுக்கு அடியில், இருட்டுக்குள்ளால் இத்தாலி போய்ச் சேர்ந்தார்.

“திரும்பி வரேக்க?” என்று கேட்டேன்.

“பாரிசில என்ர கூடப்பிறந்த அண்ணை வீடு” என்றார் கமலாக்கா. “ஜெனோவாவில இருந்து மச்சான்ர வான். மொன் பிளாங். அங்கயும் சுரங்கம்தான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னை யாரென்றே தெரியாத லோசான் அக்காவோடும் அவர் மகனோடும் அந்த ஐயரோடும் மனதுக்குள் சண்டை பிடித்தேன். “நிப்பாட்டுங்கோ, நான் மேலால போகோணும் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை?”

அவர் அப்போதுதான் வாய் திறந்தார்.

“எப்பிடித் தம்பி சொல்லுறது? அக்கா விடியப்புறம் எழும்பி எனக்கெண்டு சமைச்சவ. தங்கச்சி அங்க வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாள். மலை பாக்கோணும் எண்டு சொன்னா, எங்களைவிட மலையோ பெரிசு எண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது?”

“லொறிக்கதையைச் சொல்லியிருந்தால் விளங்கியிருக்குமே.”

“அவைக்கு அது தெரியாது. நான் பிளேன்ல வந்தனான் எண்டுதான் வீட்டுக்குச் சொன்னது. அக்கா இப்ப அறிஞ்சாலும் அழுவா.” பிறகு சொன்னார்: “தங்கச்சின்ர வீடு நல்ல வீடு. பால் நல்லாப் பொங்கினது.”

அவரைக் குறைசொல்ல முடியாது, அவர்களையும் குறைசொல்ல முடியாது. அன்பாகச் செய்கிற அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? உலகம் முழுக்கச் சிதறிப்போன சனம் நாங்கள், எந்த மலையடிவாரத்துக்குப் போனாலும் எங்களைக் கண்டுபிடித்துச் சோறு போட ஒருவர் இருப்பார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் கண் டொக்டர் திரும்பவும் பார்த்தார். லைசென்ஸ் போனது. திங்கட்கிழமை காலை அண்ணை கார்ச் சாவியை என் கையில் தந்து, “இனி நீர் ஓடும் தம்பி” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் போய் ஏறினார். வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகக் கமலாக்கா சொன்னார். அதன் பிறகு காரில் வளைவு இல்லை, பஸ் இல்லை, ஹோர்ன் இல்லை. ஹைவேயின் ஒலித்தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவார், இறங்கும்போது நன்றி சொல்வார். எனக்கு நன்றி சொல்கிற கொண்டையூசி அண்ணையை என்னால் தாங்கவே முடியவில்லை. இந்த மனிதர் வாயை மூட மாட்டாரா என்று எத்தனை காலை நினைத்திருப்பேன்! இப்போது, ஸ்டெல்வியோவில் பஸ் வருகிறது என்று ஒருமுறை சொல்லித் தொலையுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கலாம் போல இருந்தது.

ஒருநாள் காலை, ஹைவேக்குள் ஏறுகிற இடத்தில் நான் ஏறவில்லை. நேரே போய் ஆற்றங்கரை வீதியைப் பிடித்தேன். லஷீன், டோர்வால் என்று தண்ணீரை ஒட்டியே புவாண்ட்-கிளேர் வரை போகும் பாதை அது. மலை கிடையாது. எதிர்க்கரைகூடத் தட்டை. ஒடுங்கிய வீதி, பழைய வீடுகள், மஞ்சளும் சிவப்புமாய் மேப்பிள் மரங்கள், இடைக்கிடை ஆறே அகன்று ஏரியாய்க் கிடக்கும். ஹைவேயை விடக் கனநேரம் பிடிக்கும்.

“என்ன தம்பி, இதால போறீர்?”

“ஹைவேயில வேலை நடக்குது அண்ணை.”

மொன்றியலில் இதைவிட நம்பக்கூடிய பொய் கிடையாது. பின்சீற்றில் பிரகாஷ் போனைப் பார்த்தான். ஹைவே துப்புரவாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். அவன் போனைத் திருப்பி மடியில் கவிழ்த்துவிட்டு, “ஆமா அண்ணா, செம ஜாம்” என்றான்.

ஏரி முழுதாகத் தெரிகிற திருப்பத்தில் அண்ணை, “கொஞ்சம் மெதுவா ஓடும்” என்றார். மெதுவாக ஓட்டினேன். மூன்று பேரும் வேலைக்குப் பிந்திப் போனோம். மறுநாளும் பிந்தினோம்.

ஹைவேயில் அந்த வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எப்போது முடியும் என்று அண்ணை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் என் பக்கத்தில் இருந்து வருகிற காலம் வரைக்கும் அதை முடிய நான் விடப்போவதுமில்லை.